மணலில் டென்ட், மேடையில் பாட்டு: முதல்முறை போகிறவர்களுக்கு

மூன்று நாள் இசைவிழாவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள், எந்தக் குழு எந்த மேடையில் எத்தனை மணிக்கு வாசிக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ராத்திரி எங்கே, எப்படித் தூங்கப்போகிறோம் என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் மதியம் வெயிலும் தலைவலியும் சரியாகச் சாப்பிடாத வயிறும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள், எந்தக் கச்சேரிக்காகக் காசு கொடுத்து வந்தார்களோ அது நடக்கும் நேரத்தில் மரத்தடியில் சுருண்டு கிடப்பார்கள். அதனால் இந்தப் பதிவு பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகும்: கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் தினமும் ஆறு மணி நேரம் தூங்க என்ன செய்ய வேண்டும்.

புதுச்சேரி, கடலூர் பக்கத்து மணலையும் காற்றையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மலைப்பக்கத்து விழாவுக்குப் போகிறவர்களுக்கு என்ன மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மாதம். நம் கரையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று. அந்த ஃபெஞ்சலில் புதுச்சேரி நகரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஆகவே டிசம்பர் முடியும்வரை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் கரையோரத்தில் டென்ட் போடக் கூடாது. கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினாலே டென்ட்டை மறந்துவிட்டு நகரத்துக்குள் அறை எடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். நல்ல காலம் என்றால் தை பாதியிலிருந்து மாசி முடியும்வரை. அப்போது ராத்திரி 20, 21 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். பங்குனி பிறந்துவிட்டால் பகல் வெயில் டென்ட் வாழ்க்கையைக் கெடுத்துவிடும்.

டென்ட்

அட்டையில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால் அது தோளோடு தோள் ஒட்டி, பை எதுவும் இல்லாமல் நான்கு பேர் படுக்கும் கணக்கு. உண்மையில் இரண்டு பேருக்கும் அவர்களுடைய சாமானுக்கும் சரியாக இருக்கும். மூன்று பேர் என்றால் நெருக்கடிதான். எப்போதும் ஆள் எண்ணிக்கையோடு ஒன்று, முடிந்தால் இரண்டு கூட்டி வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள்.

உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். ஒற்றை அடுக்கு டென்ட் விலை குறைவு. ஆனால் இரண்டு பேர் மூச்சுவிடும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூரையில் வியர்த்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இங்கே அந்தத் தொல்லை இரட்டிப்பு. இரண்டு அடுக்கு டென்ட்டிலும் மழைத்துணியை இறுக்கிக் கட்டி, உள்வலையிலிருந்து நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி விட்டால்தான் வேலை செய்யும். தளர்ந்த துணி உள்வலையைத் தொட்ட இடத்தில் எல்லாம் ஈரம் இறங்கிவிடும். மழைத்துணியின் நீர் தாங்கும் அளவு 2000 மி.மீ. என்றோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் நம் ஊர் மழைக்குத் தாங்கும். 800, 1000 என்றால் பனிக்கும் தூறலுக்கும் மட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துக் கட்டிப் பாருங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. நான்கு மூலையிலும் தண்ணீர் கேனை வைத்து இழுத்துக் கட்டலாம். கட்டி முடித்ததும் மேலிருந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, உள்ளே போய்த் தையல் ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள். கசிந்தால் தையலுக்குப் பூசும் பசை வாங்கிப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். கம்புகளில் ஏதாவது ஒன்றில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள். ஃபைபர் கம்பு பிளந்திருந்தால் ஊசி ஊசியாக விரலில் ஏறும். துணியால் தடவுங்கள், நூல் சிக்கும் இடத்தில் பிளவு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே துணி டேப்பை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றினால் மூன்று நாள் தாங்கும். அந்த டேப் சுருளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிட்டால் விழா இடத்தில் இருபது நிமிடத்தில் டென்ட் நிற்கும். செய்யாதவர்கள் இருட்டில், மொபைல் வெளிச்சத்தில், எந்தக் கம்பு எந்த உறையில் போகிறது என்று தெரியாமல் முதல் கச்சேரியைக் கோட்டைவிடுவார்கள்.

மணலில் முளை நிற்காது

இதுதான் முதல்முறை போகிறவர்கள் கரையோரத்தில் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம். டென்ட்டோடு வரும் கம்பி முளைகள் ஒரு சாண் நீளம்கூட இருக்காது; செம்மண்ணுக்கும் புல்தரைக்கும் செய்தவை. சவுக்குத் தோப்பு மணலில் அடித்தால் விரலால் பிடுங்கிவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று ஏறும்போது, ஆள் இல்லாத டென்ட்டுகள் தோப்புக்குள் உருள்வதைப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது இது. பழைய சிமென்ட் சாக்கையோ அரிசி வாங்கிய கட்டைப்பையையோ டென்ட்டுக்கு எட்டு வீதம் எடுத்துப் போங்கள். மடித்தால் இடமே அடைக்காது. ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு கிலோ மணல் அள்ளிப் போட்டு வாயை முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சிலேயே டென்ட்டின் இழுகயிற்றைக் கட்டுங்கள். டென்ட் மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையை உள்ளே வைத்து மூடி, காலால் நன்றாக மிதியுங்கள். இரண்டு மக் தண்ணீர் ஊற்றி மறுபடி மிதித்தால் இன்னும் இறுகும். குழியிலிருந்து டென்ட் பக்கமாகக் கயிறு மேலே வர ஒரு சின்னச் சரிவு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் கயிறு குழியிலிருந்து நேராக மேலே வந்தால், காற்று பையை மேல்நோக்கி இழுத்து மணலைத் தளர்த்திவிடும். சரிவாக வந்தால் பக்கவாட்டில் இழுக்கும். அந்தப் பக்கம் முழுக்க மணல் இருப்பதால் அசையாது. பை இல்லாவிட்டால் ஒரு முழ நீளச் சவுக்குக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, குச்சியைப் படுக்கைவாட்டில் அதே ஆழத்தில் புதைத்தாலும் போதும்.

டென்ட்டோடு வரும் கயிறு பெரும்பாலும் மெல்லியது. கடலூர் முதுநகர்ப் பக்கத்து மீன்பிடி சாமான் கடைகளில் நல்ல நைலான் கயிறு கிடைக்கும். 3 அல்லது 4 மி.மீ. கனத்தில் இருபது மீட்டர் வாங்கினால் கொடி கட்டவும் தார்ப்பாய் கட்டவும் மிஞ்சும். கட்டிய பிறகு ஒவ்வொரு இழுகயிற்றிலும் ஒரு துண்டு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். ராத்திரி பக்கத்து டென்ட்காரர் உங்கள் கயிற்றில் தடுக்கி விழுந்தால் அவர் காலும் போகும், உங்கள் கம்பும் போகும்.

எங்கே போடுவது

நுழைவு திறந்ததும் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் போனால் வெயிலில் வேலை செய்ய வேண்டியிருக்கும். மாலை போனால் கழிப்பறை ஓரம்தான் மிஞ்சியிருக்கும். இடம் பார்க்கும்போது கீழே மட்டும் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். தென்னை, பனை எதன் அடியிலும் டென்ட் கூடாது. காய் விழாவிட்டால் மட்டை விழும். முந்திரித் தோப்பு என்றால் முசுறு என்கிற கடிக்கும் சிவப்பெறும்பு இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள்.

கழிப்பறையிலிருந்து ஐம்பது, அறுபது அடியாவது தள்ளி, காற்று வரும் பக்கம். இரண்டு நடைபாதை சேரும் இடம் வேண்டாம். ராத்திரி முழுக்கக் கால்கள் போய்க்கொண்டே இருக்கும். ஜெனரேட்டருக்குக் கிட்டே வேண்டவே வேண்டாம், சத்தத்தைவிட டீசல் புகை மோசம். ஃபோகஸ் விளக்குகள் பகலில் கண்ணில் படாது, அதனால் கம்பங்களை எண்ணிப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுங்கள். தரை நாலு விரல் பள்ளமாக இருந்தாலும் மழையில் குட்டையாகிவிடும்.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கிழக்கே மறைப்பு இல்லாத டென்ட் காலை ஏழு மணிக்கே கொதிக்கும். நள்ளிரவுக்கு மேல் படுத்தவர் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். ஆகவே ஒரு மரவரிசைக்கு மேற்கே போடுங்கள். அப்படி இடம் கிடைக்காவிட்டால் 9 அடிக்கு 12 அடித் தார்ப்பாய் ஒன்றைக் கிழக்குப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். தார்ப்பாய் டென்ட்டின் மேலே படியக் கூடாது, ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். ஒட்டிக் கிடந்தால் சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். இந்த ஒரு தார்ப்பாய் உங்களுக்குக் காலையில் கூடுதலாக இரண்டு மணி நேரத் தூக்கம் தரும். என்னைக் கேட்டால் டென்ட்டுக்கு அடுத்தபடி காசு போட வேண்டிய சாமான் இதுதான்.

வாசலைக் காற்று நேராக அடிக்கும் பக்கம் வைக்காமல் சற்றுச் சாய்வாக வையுங்கள். பகலில் கடல்காற்று வரும், விடியற்காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து வரும், தை மாதத்தில் வாடை கலக்கும். எல்லாத் திசைக்கும் ஏற்ற வாசல் கிடையாது. இரண்டு பக்கமும் வலைச் சன்னல் இருந்தால் சமாளிக்கலாம். அடுத்த டென்ட்டுக்கும் உங்களுக்கும் இரண்டு மீட்டராவது விடுங்கள். தீ பிடித்தால் நைலான் துணி சில நொடிகளில் உருகிச் சொட்டும். அதனால்தான் டென்ட்டுக்குள் கொசுவர்த்தி, மெழுகுவத்தி, கேஸ் அடுப்பு மூன்றும் கூடாது. மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ந்த சவுக்கு ஊசி இலையும் சுலபமாகப் பற்றும், சிகரெட் பிடிப்பவர்கள் கையில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கை

டென்ட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும், ஆனால் அது டென்ட்டின் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் மழைத்தண்ணீரை ஏந்தி உங்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும். மூலைகளை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

விரிப்பைப் போடும் முன் மணலைக் கையால் நிரவி, முள், கிளிஞ்சல், சவுக்குக் காய் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, இடுப்பு வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் பறியுங்கள். மணல் பார்க்க மெத்தென்று இருக்கும், படுத்த கொஞ்ச நேரத்தில் சிமென்ட் தரையாகிவிடும். இடுப்புக்குப் பள்ளம் இருந்தால் முதுகு நேராகும். அதன்மேல் ஒரு யோகா மேட், அதன்மேல் கோரைப்பாய். கோரைப்பாய் வியர்வையை உறிஞ்சும். மேட்டின் மேல் நேரடியாகப் படுத்தால் முதுகு ஒட்டும். ஸ்லீப்பிங் பேக் நம் கரையில் தேவையில்லாத சுமை. ஒரு பருத்திப் போர்வை, ஒரு லுங்கி, விடியற்காலைக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும். அந்த மூன்றையும் ஒரு பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். தை, மாசியில் பனி கனமாக இறங்கும். வெளியே கொடியில் விட்ட துண்டு காலையில் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும்.

ஒலிபெருக்கிக்கு நாட்டில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். அதனால் பெரிய மேடை அந்த நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு தூக்கத்தைக் கெடுப்பது பக்கத்து டென்ட்டின் கிதாரும் பேச்சும்தான். காது அடைப்பானும் கண் மறைப்புத் துணியும் இருந்தால் அவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. பகலில் தூங்க நினைத்தால் டென்ட்டுக்குள் போகாதீர்கள். பாயை எடுத்துக்கொண்டு மரநிழலுக்குப் போங்கள். மதியம் ஒரு மணி நேரம் அப்படிப் படுத்தால் இரவு கடைசிக் குழுவரைக்கும் கால் நிற்கும்.

காது

அடைப்பான் தூங்குவதற்கு மட்டும் இல்லை, மேடைக்கு முன்னாலும் வேண்டும். வேலை செய்யும் இடத்துப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படியானால் 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். பெரிய மேடையின் முன்வரிசையில் 100 சர்வசாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்குச் சொன்ன உச்ச சராசரியும் 100 டெசிபல்தான்.

பஞ்சை உருட்டி வைப்பது பயன்படாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்து, துளை நேரானதும் உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடியுங்கள். உப்பி அடைத்துக்கொள்ளும். காதை இழுக்காமல் வெறுமனே செருகினால் பாதிகூட உள்ளே போகாது, பாதுகாப்பும் பாதிகூட இருக்காது. நுரை அடைப்பான் உச்ச ஸ்வரங்களை அதிகம் விழுங்கும், பாட்டு மந்தமாகக் கேட்கும். அது பிடிக்காதவர்கள் இசைக்கலைஞர்கள் போடும் சிலிக்கான் அடைப்பான் வாங்குங்கள். எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும்.

நிற்கும் இடமும் முக்கியம். கூட்டத்தின் நடுவில், மேடைக்கு எதிரே, சவுண்ட் மிக்ஸர் வைத்த ஒரு பந்தல் இருக்கும். ஒலிப் பொறியாளர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லா வாத்தியத்தையும் சமன் செய்கிறார், ஆகவே அந்தப் பந்தலை ஒட்டி நின்றால் அவர் கேட்கும் பாட்டை நீங்களும் கேட்கலாம். ஸ்பீக்கர் அடுக்கின் காலடியில் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது பேஸ் அதிர்வு மட்டும். குழந்தையோடு போகிறவர்கள் காதை முழுக்க மூடும் ஹெட்செட் வகை மூடியைக் குழந்தைக்கு மாட்டாமல் மேடைப் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர், சோறு

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் குடிக்க மட்டும். கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காயாது. வியர்த்தது தெரியும், இழந்தது தெரியாது. சிறுநீர் தேன் நிறத்துக்கு வந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். நால்வர் குழுவுக்கு ஒரு 20 லிட்டர் கேன் குடிக்கவும் முகம் கழுவவும் ஒரு நாளைக்கு வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நாலு எடுத்துப் போங்கள். பெரிய பொட்டலத்தை 1 லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் பாதி பாட்டில் என்று கண்ணளவில் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்துக் குடிக்காதீர்கள், அவற்றில் சர்க்கரைதான் அதிகம். நீர்மோர் கிடைத்தால் அதுவே போதும்.

யாராவது வெயிலில் நின்று உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் மயக்கம் இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய்த் துணியைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடைக்கவட்டில் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டே மருத்துவக் கூடாரத்துக்கு ஆள் அனுப்புங்கள், 108ஐயும் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

விழாவில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். ஆனால் விலையும் வரிசையும் நீளம். முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடே கட்டிப் போகலாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு ஒரு நாள் தாங்கும். மிளகாய்ப்பொடி, எண்ணெய் தடவிய இட்லியும் அப்படியே. எலுமிச்சைச் சோற்றை ராத்திரிக்குள் முடித்துவிடுங்கள். தயிர்ச்சோறு மதியத்துக்கு மேல் வேண்டாம். தேங்காய்ச் சட்னி எடுத்துப் போகவே வேண்டாம். எதுவானாலும் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் மூடியில் ஆவி வேர்த்து, அந்த ஈரத்திலிருந்துதான் கெட ஆரம்பிக்கும். இரண்டாம் நாளுக்கு அவல், வெல்லம், பொரி, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பூவன் பழம். கெட்டி அவலைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வெல்லம் சேர்த்தால் அடுப்பில்லாத காலைச் சாப்பாடு ஆயிற்று. எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். டென்ட்டுக்குள் ஒரு பருக்கை சிந்தினால் எறும்பு வரும், அன்றைய தூக்கம் போச்சு.

புதுச்சேரியில் வாங்கிய மதுவைக் கடலூர்ப் பக்கத்து விழாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் விழா அங்கேயே முடிந்துவிடும். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. நம் கரையில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு, கொட்டிய பாறைகளும் உண்டு. இருட்டில் முழங்கால் தண்ணீருக்குக்கூடப் போக வேண்டாம்.

போன், காசு, சாமான்

10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 5000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை ஏற்றும் என்று கணக்குப் போடாதீர்கள். மின்னழுத்தம் மாறும்போதும் சூட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்; ஒன்றேகால் முறைதான் ஏறும். மூன்று நாளுக்கு 20000 வேண்டும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடிக்கும்போது போன் சிக்னல் தேடியே சார்ஜை விழுங்கும். கச்சேரி நேரத்தில் ஃப்ளைட் மோடில் போடுங்கள். அழைப்பும் வாட்ஸ்அப்பும் போகாத நேரத்தில் சாதாரண எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்விடும். அதையும் நம்பாமல், பிரிந்தால் எங்கே எத்தனை மணிக்குச் சேர்வது என்று முன்பே பேசி வையுங்கள். ‘மேடைக்கு வலது பக்கம்’ என்று சொல்லாதீர்கள், பார்ப்பவருக்கு ஒரு வலது, பாடுபவருக்கு ஒரு வலது. ‘மிக்ஸர் பந்தலுக்குப் பின்னால், ஒவ்வொரு மணி முடிவிலும்’ என்று சொன்னால் குழப்பம் வராது. ஜிபே தூங்கும் நேரத்துக்கு 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

டென்ட் ஜிப்புக்குப் பூட்டுப் போடுவது பயனில்லை. உள்ளே விலையுள்ளது இருக்கிறது என்று பூட்டே சொல்லிக்கொடுக்கும், துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும். தீ பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. பணம், அடையாள அட்டை, போன் மூன்றும் உடம்போடு ஒட்டிய இடுப்புப் பையில். மற்றவை போனால் பரவாயில்லை என்று இருப்பவற்றை மட்டும் எடுத்துப் போங்கள். சக்கரம் வைத்த சூட்கேஸ் மணலில் உருளாது, முதுகுப் பைதான். மொபைல் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று.

கழிப்பறை

காலை நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் போங்கள். ராத்திரி கடைசியாகச் சுத்தம் செய்த பிறகு கூட்டம் வராத நேரம் அதுதான். ஏழு மணிக்கு வரிசை நீண்டுவிடும். சொந்தமாக ஒரு சின்ன மக், காகிதச் சோப், ஒரு சுருள் டிஷ்யூ. பெண்கள் நாப்கினோடு செய்தித்தாள் துண்டுகளும் மூடும் கவரும் எடுத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் குப்பைக்கூடைகூட இருக்காது. இருட்டில் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். உதவிக்கு 112, பெண்களுக்கு 181. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறைய. அதுதான் மதியத் தலைவலிக்கு முதல் காரணம்.

குளிக்க வசதி இல்லாவிட்டால் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்து, தொடையிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். உப்பும் மணலும் சேர்ந்து உரசி இரண்டாம் நாளே நடக்க முடியாமல் செய்துவிடும். கால் முழுக்க மூடும் ஷூ ஒன்று, மணலுக்குச் செருப்பு ஒன்று.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு

அருணாசலப் பிரதேசத்தில், அபதானி மக்கள் வாழும் பள்ளத்தாக்கில் 2012 முதல் நடக்கும் சீரோ இசைவிழாவுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அங்கே மேலே சொன்னதில் பாதி தலைகீழ். செப்டம்பர் மாதம், வயல்வெளி, மழை, சேறு. சாக்குப்பை வேண்டாம், கம்பி முளையே நன்றாகப் பிடிக்கும். ஸ்லீப்பிங் பேக் கட்டாயம், ரப்பர் பூட்ஸ் கட்டாயம், பருத்தித் துணி நனைந்தால் காயவே காயாது. வெளிமாநில இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கு முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள். கேஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகக் கூடாது.

இடி இரண்டு ஊருக்கும் பொது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் டென்ட்டை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள்ளோ, கூரையுள்ள கார், பஸ்ஸுக்குள்ளோ போங்கள். டென்ட் துணி மின்னலைத் தடுக்காது. தனி மரத்தின் அடி அதைவிட மோசம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

திரும்பும்போது

கடைசிக் கச்சேரி முடிந்த ராத்திரியே கிளம்பாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவார்கள், ஓட்டுபவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். இன்னொரு ராத்திரி தூங்கிவிட்டு, காலையில் பனி காய்ந்ததும் டென்ட்டைப் பிரியுங்கள். புதைத்த பைகளைத் தோண்டி, மணலை அங்கேயே கொட்டிவிட்டுச் சாக்கை எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக்கை மணலுக்கு அடியில் விட்டுவந்தால் அடுத்த கடல் ஏற்றத்தில் கடலுக்குள் போகும்.

வீட்டுக்கு வந்த அன்றே டென்ட்டை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்புத் தூள் போடாதீர்கள், நீர் தாங்கும் பூச்சு போய்விடும். ஜிப் பற்களில் மணலும் உப்பும் தங்கினால் அடுத்த முறை பாதியில் சிக்கி நிற்கும், ஆகவே பழைய பல்துலக்கியால் இரண்டு பக்கமும் தேய்த்து விடுங்கள். கம்பின் உள்ளே ஓடும் எலாஸ்டிக்கையும் அலசி, கம்புகளைப் பிரித்தபடியே நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு உறையில் போடுங்கள்.